பட்டப்பகலில் ஒரு ரத்தக் காட்டேரி

உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. வழுக்கைத் தலை, வௌவால் காது, முன்வாயில் எலிப்பல், பென்சில் நீளத்துக்கு நகம் என்று ஒருவர் வருகிறார். கக்கத்தில் ஒரு சவப்பெட்டி. மொட்டை மாடிக்குப் பாய் எடுத்துப் போகிறவர்போல அதை இடுக்கிக்கொண்டு, நிழல் காலடியில் விழ, ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கிறார். பிறகு ஒரு படகில் பெட்டியோடு நின்றபடியே தண்ணீரைக் கடக்கிறார். வெயில் மண்டையில் பளபளக்கிறது.

இவர் ரத்தக் காட்டேரி. சூரிய ஒளி பட்டால் ஆள் காலி என்பதுதான் கதை. கடைசிக் காட்சியில் விடியலின் முதல் கதிர் பட்டதும் புகையாகிக் கரைந்தும் போகிறார். அப்படியானால் இத்தனை நேரம் வெயிலில் என்ன செய்துகொண்டிருந்தார்? காலை வெயில் ஆகாது, மதிய வெயில் பரவாயில்லை என்று யாராவது வைத்தியர் சொல்லியிருந்தாரா?

‘நோஸ்ஃபெராட்டு’ படத்தை நான் முதலில் பார்த்தபோது எனக்கு எழுந்த சந்தேகம் இது. ஐம்பது பேய்ப் படங்களை ஒரே பெட்டியில் அடைத்து, ஒரு வேளை சாப்பாட்டுக் காசுக்கு விற்ற டிவிடித் தொகுப்பில்தான் பார்த்தேன். தயாரித்தவர்களின் பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். படம் ஊறவைத்த புளிபோல இருந்தது. எல்லோரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடினார்கள். பின்னணியில் யாரோ ஆர்கன் கற்றுக்கொண்டிருந்தார். சந்தேகத்துக்கு விடை கிடைக்க எனக்குச் சில வருடங்களும் சில டிவிடிகளும் ஆயின. விடையை நேராகச் சொல்ல முடியாது. அது ஒரு திருட்டில் ஆரம்பிக்கிறது.

ஜெர்மனியில் ஆல்பின் க்ராவ் என்று ஒருவர் இருந்தார். ஓவியர், கட்டடக் கலைஞர், மந்திர தந்திர ரகசியங்களில் பெரும் பித்து. முதல் உலகப் போரின்போது செர்பியாவில் ஒரு விவசாயி தன் தகப்பனாரே செத்தும் சாகாமல் உலவினார் என்று தன்னிடம் சொன்னதாக இவர் எழுதிவைத்திருக்கிறார். நம்புவது உங்கள் பாடு. போர் முடிந்து ஊர் திரும்பிய க்ராவ், என்ரிகோ டீக்மன் என்ற வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து 1921-ல் ஒரு படக் கம்பெனி தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் பிராணா ஃபிலிம். நம் பிராணன்தான். சமஸ்கிருதத்திலிருந்து ஐரோப்பிய ஞான மார்க்கத்தார் கொண்டுபோன சரக்கு. செத்தவன் நடமாடும் கதையைப் படமெடுக்கப் போகும் கம்பெனிக்கு உயிர்மூச்சு என்று பெயர் வைத்ததில் விளையாட்டு ஏதும் இல்லை, ஆள் அவ்வளவு சீரியஸ். கம்பெனி எடுத்து முடித்தது அந்த ஒரே படம். அத்தோடு பிராணன் போயிற்று.

பேய்ப் படம் என்றால் கதை வேண்டுமே. அன்றைக்குச் சந்தையிலிருந்த சரக்குகளில் முதல் தரம் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. 1897-ல் வெளியான நாவல். ஆசிரியர் 1912-ல் காலமாகிவிட்டார், ஆனால் உரிமை லண்டனில் இருந்த அவர் மனைவியிடம் பத்திரமாக இருந்தது. கேட்டால் காசு கேட்பார்கள். ஆகவே கேட்கவில்லை. ஹென்ரிக் காலீன் திரைக்கதை எழுதினார். டிராகுலா பிரபு ஓர்லோக் பிரபுவானார். ஜோனதன் ஹார்க்கர் தாமஸ் ஹுட்டர் ஆனான். மீனா எல்லென் ஆனாள். ரென்ஃபீல்டு, நாக் என்ற பெயரில் ஈ பிடித்துத் தின்ன ஆரம்பித்தார். லண்டன் என்ற மாநகரம் விஸ்போர்க் என்ற சிற்றூராகச் சுருங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மறைத்தவர்கள் சும்மா இருந்தார்களா? படத்தின் டைட்டில் கார்டிலேயே பிராம் ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று போட்டார்கள். சோற்றின் மேல் ‘உள்ளே பூசணிக்காய் உண்டு’ என்று சீட்டுக் குத்தி வைத்த திருடர்களை வேறெந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் இந்தத் தொழிலுக்குப் புதியவர் அல்ல. ஸ்டீவன்சனின் ஜெக்கில், ஹைட் கதையை இதேபோல் கேட்காமல் எடுத்து, பெயர்களை மாற்றி, 1920-ல் ‘டெர் யானுஸ்கோப்ஃப்’ என்று ஒரு படம் தந்திருந்தார். அதில் வேலைக்காரனாக வந்து கதவு திறந்தவர் பேலா லுகோசி. பதினோரு வருடம் கழித்து ஹாலிவுட்டில் முறையாக உரிமை வாங்கிய ‘டிராகுலா’வில் பிரபுவாக வந்து உலகத்தையே கழுத்தில் கடித்த அதே லுகோசி. அந்த ‘யானுஸ்கோப்ஃப்’ படத்தின் கதி என்ன என்பதை மட்டும் பிறகு சொல்கிறேன்.

1921-ல் படப்பிடிப்பு. வடக்கு ஜெர்மனியில் விஸ்மார், லூபெக் நகரங்களும், இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஓராவா கோட்டையும் படத்தில் நடித்தன. லூபெக்கில் பிரபு வாங்கிய பாழடைந்த வீடாக வரும் உப்புக் கிடங்குகள் இன்னமும் அப்படியே நிற்கின்றன, போனால் பார்க்கலாம். ஒரே ஒரு கேமரா வைத்துத்தான் எடுத்தார்கள், ஆகையால் ஒரே ஒரு நெகட்டிவ். ஓநாய் வேண்டிய இடத்தில் கழுதைப்புலியை நடிக்க வைத்தார்கள், அதுவும் தன்னால் ஆன மட்டும் முறைத்தது. பிரபுவாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். ஜெர்மன் மொழியில் ஷ்ரெக் என்றால் திகில், அதுதான் அவர் நிஜப் பெயரும். பின்னாளில் அவர் அசல் காட்டேரியே என்று வதந்தி கிளப்பி, அதை வைத்து 2000-ல் ஒரு படமே எடுத்தார்கள். பாவம், மேடை நாடகத்தில் சம்பளத்துக்கு உழைத்த மனிதர்.

இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே வெளிப்புற இரவுக் காட்சிகளை எல்லாம் பகலில்தான் எடுத்தார்கள். இதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1922 மார்ச் 4-ஆம் தேதி பெர்லின் விலங்குக் காட்சிசாலையின் பளிங்கு மண்டபத்தில் முதல் காட்சி. ‘நோஸ்ஃபெராட்டு திருவிழா’ என்று பெயர். விருந்தினர்கள் நூறு வருடத்துக்கு முந்தைய உடையில் வர வேண்டும் என்று அழைப்பு. படம், பிறகு நடனம், பிறகு கொண்டாட்டம். ஹான்ஸ் எர்ட்மன் இதற்கென்றே இசை எழுதிக் கொடுத்திருந்தார். விளம்பரத்துக்குக் காசு தண்ணீராய் ஓடியது. கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்திவிட்டு மறுநாள் பாத்திரக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடுகிற அப்பாவைப்போல், சில மாதத்தில் பிராணா ஃபிலிம் திவால்.

இந்த அமளியில் லண்டனுக்கு ஒரு தபால் போனது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே பெர்லின் விழாவின் நிகழ்ச்சி நிரல். அதில், யாரும் கேட்காமலேயே, ஸ்டோக்கரின் நாவல் என்ற ஒப்புதல் வாக்குமூலம்.

தபாலைப் பிரித்த ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர் அம்மையார் லேசுப்பட்டவர் அல்ல. இளம் வயதில் பேரழகி. ஆஸ்கர் வைல்டு பின்னால் சுற்றியபோது அவரை விட்டுவிட்டு, நாடகக் கொட்டகை மேனேஜராக இருந்த பிராம் ஸ்டோக்கரைக் கட்டிக்கொண்டவர். கணவர் விட்டுப்போன சொத்தில் பால் கறக்கிற மாடு என்று ஒன்று இருந்தால் அது ‘டிராகுலா’. அந்த மாட்டை எவனோ ஓட்டிக்கொண்டு போய், கொம்புக்கு வேறு வர்ணம் பூசி, பெர்லினில் திருவிழா நடத்தியிருக்கிறான். அம்மையார் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார், சங்கத்தின் வக்கீல் பலத்தோடு வழக்குப் போட்டார்.

திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இந்த அம்மையாரை ஒரு சூனியக்காரிபோலச் சித்திரிப்பார்கள். மகத்தான கலைப்படைப்பை அழிக்கப் பார்த்த மூதாட்டியாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டில் புகுந்து திருடியவன் நன்றாகப் பாடுவான் என்பதற்காகப் பூட்டைக் கழற்றி வைக்க முடியுமா? நியாயம் முழுக்க அம்மையார் பக்கம். படம் அற்புதமானது, எடுத்தவிதம் அயோக்கியத்தனமானது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

திவாலான கம்பெனியிடம் பணம் பெயராது என்று தெரிந்ததும் அம்மையார் கோரிக்கையை மாற்றினார். காசு வேண்டாம், படத்தை அழியுங்கள். வழக்கு இழுத்தது, மேல்முறையீடுகள் போயின, கடைசியில் 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் நெகட்டிவும் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. மரக்கட்டையும் பூண்டும் செய்யாத வேலையை வக்கீல் நோட்டீஸ் செய்துவிட்டது என்றுதான் லண்டனில் நினைத்திருப்பார்கள்.

ஆனால் படத்தில் ஓர்லோக் பிரபு என்ன செய்கிறார்? பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, கப்பலேறி, யாருக்கும் தெரியாமல் வெளிநாடு போய்விடுகிறார். படப்பெட்டியும் அதையேதான் செய்தது. உத்தரவு வருவதற்கு முன்பே பிரான்ஸ் போய்விட்டது. அங்கே சர்ரியலிஸ்ட் கவிஞர் கூட்டம் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. 1925-ல் லண்டனிலேயே, அம்மையாரின் மூக்குக்குக் கீழேயே, புதிதாகத் தொடங்கிய திரைப்படச் சங்கம் இந்தப் படத்தைக் காட்டப் போவதாக அறிவித்தது. அம்மையார் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாவம், வடையைப் பிடித்தால் எண்ணெய், விட்டால் பசி. 1928-ல் அவர்கள் காட்டியே விட்டார்கள். 1929-ல் பெட்டி நியூயார்க்கில் இறங்கியது.

அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை. ‘டிராகுலா’ நாவல் அங்கே பதிப்புரிமைச் சடங்குகளைச் சரியாக முடிக்காததால் ஆரம்பத்திலிருந்தே பொதுச்சொத்து. நம் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. ஐரோப்பா முழுக்க விதவை மல்லுக்கட்டிய சொத்துக்கு, அட்லாண்டிக்கைத் தாண்டினால் வேலியே இல்லை. அங்கே சுற்றிய பிரதிகளில் யாரோ புத்திசாலி ஒருவர், ஓர்லோக் யார், ஹுட்டர் யார், நமக்குத்தான் டிராகுலா தெரியுமே என்று ஆங்கில டைட்டில் கார்டுகளில் பழைய பெயர்களையே திரும்பப் போட்டுவிட்டார். ஓர்லோக் மறுபடி டிராகுலா. ஹுட்டர் மறுபடி ஹார்க்கர். எல்லென் மட்டும் மீனாவாகத் திரும்பாமல் எப்படியோ நீனா ஆகிவிட்டாள். விஸ்போர்க் ப்ரேமென் ஆனது. தலைமறைவாக இருந்த குற்றவாளியின் வீட்டு வாசலில் நிஜப் பெயரோடு பெயர்ப்பலகை மாட்டின கதை.

ஜெர்மனியிலோ 1930-ல் ஒரு கூட்டம் முர்னாவைக் கேட்காமலேயே படத்தை வெட்டி ஒட்டி, சத்தம் சேர்த்து, பெயர்களை இன்னொரு முறை மாற்றி, ‘பன்னிரண்டாம் மணி’ என்ற தலைப்பில் வெளியிட்டது. திருடியவனிடமே திருடுவது. முர்னாவ் புகார் கொடுக்க எந்த முகத்தோடு போயிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு அவருக்கு நேரமும் இருக்கவில்லை. 1931 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்துபோனார். ஃப்ளாரன்ஸ் அம்மையார் 1937-ல் போய்ச் சேர்ந்தார். வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, திருட்டுப்பொருள் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில் வீடியோ கேசட் வந்தது.

அமெரிக்காவில் நாவலைப்போலவே படமும் புறம்போக்கு. எவனும் கேட்க மாட்டான். புறம்போக்கு நிலத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? முதலில் ஒருவன் மாட்டைக் கட்டுவான், பிறகு ஒருவன் டீக்கடை போடுவான். பிரதியின் பிரதியின் பிரதி எவன் கைக்குக் கிடைத்ததோ அவனெல்லாம் கேசட் போட்டு விற்றான். ஒரு நெகட்டிவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து வந்த பிரதிகள். பத்தாவது ஜெராக்ஸில் ரேஷன் கார்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது பிரபுவின் முகம். அந்த மங்கலே பயத்தைக் கூட்டுகிறது என்று ரசித்தவர்களும் உண்டு. அவர்கள் ரசனை வாழ்க.

ஓட்டத்துக்கு வருவோம். மௌனப் படங்களைக் கைப்பிடி சுற்றி எடுத்தார்கள், விநாடிக்குச் சுமார் 18 ஃபிரேம். பேசும் படம் வந்த பிறகு புரொஜக்டர்கள் 24 ஃபிரேம் ஓடின. 18-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் 94 நிமிடப் படம் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் காட்சிகள் வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். முர்னாவ் பிரபுவின் வண்டியை வேண்டுமென்றே வேகமாக ஓடவிட்டிருந்தார், அமானுஷ்யமாகத் தெரியட்டும் என்று. கேசட்டிலோ ஹுட்டர் ஓடுகிறான், எல்லென் ஓடுகிறாள், சத்திரத்துக் கிழவி ஓடுகிறாள், எல்லோருக்கும் ஏதோ கழிவறை அவசரம். அவர்களுக்கு நடுவில் பிரபுவின் வண்டி சாதாரணமாகத் தெரிந்தது.

காட்டு வழியில் வண்டி போகும்போது முர்னாவ் நெகட்டிவையே அப்படியே காட்டுவார், மரங்கள் வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும். இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் போகிறோம் என்று பார்வையாளனுக்குத் தோன்ற வேண்டிய இடம். நான் என் டிவிடியை வெளியே எடுத்து, சட்டைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி போட்டேன்.

இனி, முந்தானையில் முடிந்ததை அவிழ்க்கலாம். பகலில் எடுத்த இரவுக் காட்சிகளை 1922-ல் என்ன செய்தார்கள்? கறுப்பு வெள்ளைப் பிரதியைச் சாயத்தில் முக்கினார்கள். இரவென்றால் நீலம், விளக்கெரியும் அறையென்றால் மஞ்சள், விடியலென்றால் இளஞ்சிவப்பு. பார்க்கிறவனுக்குச் சொல்லாமலே புரியும், நீலம் வந்தால் ராத்திரி. பின்னாளில் நகலெடுத்தவர்கள் சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தார்கள். சாயம் போயிற்று. சாயம் போனதும் இரவும் போயிற்று. லூபெக்கில் முர்னாவ் படமெடுத்த அன்று அடித்த வெயில் மட்டும் அப்படியே மிச்சமிருந்தது. அந்த வெயிலில்தான் பிரபு பெட்டியோடு நடந்துகொண்டிருந்தார், கேசட் கேசட்டாக, வருடக்கணக்கில்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலேயே நடமாடுவார், சக்திதான் குறையும். வெயில் பட்டால் காட்டேரி சாவான் என்பது முர்னாவ் கூட்டம் இந்தப் படத்தில் கொண்டுவந்த சங்கதி. பிறகு வந்த காட்டேரிப் படங்கள் பலவும் அந்தச் சாவைத்தான் எடுத்துக்கொண்டன, ஒருவர்கூடக் கம்பெனிக்குக் காசு கொடுக்கவில்லை, கொடுக்கக் கம்பெனியும் இல்லை. வெயிலுக்குச் சாகும் வழக்கத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே ஆசாமி, வீடியோ காலம் முழுக்க வெயிலிலேயே வசித்தார்.

சங்கீதத்தின் கதி இதைவிட மோசம். எர்ட்மனின் இசைக் குறிப்புகள் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆகவே கேசட் போட்டவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டார்கள். பேய்க்கும் பிசாசுக்கும் சம்பந்தமில்லாத வயலின், ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் ஆர்கன், எதுவும் கிடைக்காதவர்கள் மௌனம். 1998-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, டைப் ஓ நெகட்டிவ் என்ற மெட்டல் குழுவின் பாட்டுகளைப் படத்தின்மேல் ஏற்றி, நடிகர் டேவிட் கேரடைனை அறிமுக உரை சொல்ல வைத்து வெளியிட்டது. குழுவின் பெயரே ரத்த வகை என்பதால் பொருத்தம் பார்த்துத்தான் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மாக்ஸ் ஷ்ரெக் சவப்பெட்டியிலிருந்து விறைப்பாக எழும்போது பின்னால் எலெக்ட்ரிக் கிதார் உறுமும். சிரிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சில இடங்களில், சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நன்றாகவே இருந்தது.

பிரிட்டனில் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஹாமர் கம்பெனியின் டிராகுலா படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டைப் பிடித்து, 1990-களில் புதிதாக எழுதச் சொன்னார்கள். நாற்பது வருடமாகக் காட்டேரிகளோடு குடும்பம் நடத்தியவர், அவருக்குத் தெரியாத நாடித்துடிப்பா?

இந்த அனாதைப் பிள்ளைக்கு முறையான சவரட்சணை நடந்தது ஜெர்மனியில். மூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ படாலாஸ் 1980-களில் துண்டு துண்டாகக் கிடைத்த பிரதிகளைச் சேர்த்து முதல் சீரமைப்பைத் தொடங்கினார். அடுத்து, முர்னாவ் பெயரிலேயே இயங்கும் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாதுவா என்ற ஸ்பானியர் 2006-ல் ஒரு சீரமைப்பை முடித்தார். அதில் எது எங்கிருந்து வந்தது என்ற பட்டியலைப் படித்தால் ஒரு போலீஸ் பஞ்சநாமா படிப்பதுபோல் இருக்கும். முதுகெலும்பு, பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த 1922-ஆம் வருடத்துப் பிரெஞ்சுப் பிரதி. சாயம் போகாத நைட்ரேட் பிரதி, நீலம் நீலமாகவே இருந்தது. அதில் இல்லாத ஷாட்டுகளுக்கு, செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஏற்றுமதியான பிரதியின் வழிவந்த ஒன்று. இன்னும் சிலவற்றுக்கு, கேட்காமல் வெட்டி ஒட்டினார்களே, அந்த ‘பன்னிரண்டாம் மணி’. ஜெர்மன் எழுத்து அட்டைகள் வேறொரு நகலிலிருந்து. எல்லாம் இத்தாலியில் பொலோனியா லேபுக்குப் போய்த் தைத்து வந்தன.

கவனித்தீர்களா? அந்த நீதிமன்ற உத்தரவுக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தவன் எவனும் இந்தச் சீரமைப்புக்கு ஓர் அடி ஃபிலிம் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் எல்லாம் ஒளித்தவர்கள், கடத்தியவர்கள், பெயர் மாற்றியவர்கள், எரிக்கச் சொன்னதைப் பரணில் போட்டு மறந்தவர்கள். திருட்டு விசிடியைச் சபித்துப் பேசும் மேடைகளில் நானும் கைதட்டியிருக்கிறேன். இனியும் தட்டுவேன், தட்டும்போது கொஞ்சம் கூசும்.

‘யானுஸ்கோப்ஃப்’ கதியைச் சொல்கிறேன் என்றேனே. அந்தப் படம் இன்று இல்லை. யாரும் பதுக்கவில்லை, யாரும் கடத்தவில்லை, ஒரு பிரதிகூட அகப்படவில்லை. லுகோசி எப்படிக் கதவு திறந்தார் என்று நாம் பார்க்கப் போவதே இல்லை.

பெரியாதுவா சீரமைத்த வடிவம் 2007-ல் அமெரிக்காவில் கினோவும் பிரிட்டனில் யுரேகாவும் போட்ட டிவிடிகளாக வந்தது. எர்ட்மனின் இசையும் மிச்சம் கிடைத்ததிலிருந்து பெர்ன்ட் ஹெல்லர் கையால் மீட்டெடுக்கப்பட்டு உடன் வந்தது. 2013-ல் இரண்டு கம்பெனிகளும் ப்ளூரே போட்டன. அதில்தான் நான் முதல்முறையாக அந்தத் தெருவை நீலமாகப் பார்த்தேன். பெட்டியோடு அதே நடை, அதே படகு, அதே மண்டை. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஊர் தூங்கும் நேரத்தில் கதவெதுவும் தட்டாமல் ஒன்று உள்ளே வருவது தெரிந்தது. எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் புறம்போக்கில் பட்டா கேட்கும் படலமும் ஓயவில்லை. படம் பொதுச்சொத்து, ஆனால் நான் சேர்த்த இசை என்னுடையது, நான் எழுதிய ஆங்கில அட்டை என்னுடையது, நான் துடைத்த தூசி என்னுடையது என்று ஆளுக்கொரு வேலி. அவரவர் உழைப்புக்கு அவரவர் கூலி கேட்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது வேறிடத்தில். ஒரு பதிப்பைத் தட்டில் போட்டேன், படம் வருவதற்கு முன்னால் திரை முழுக்க ஓர் எச்சரிக்கை நின்றது. அனுமதியின்றி நகலெடுப்பது சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு. அது முடிந்ததும் அடுத்த அட்டையில், பிராம் ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது.

இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 1979-ல் இதே கதையைத் திரும்ப எடுத்தபோது நாவலின் உரிமைக்காலம் முடிந்திருந்தது. அவர் தைரியமாக டிராகுலா என்றே பெயர் வைத்தார். நடிகர் க்ளவுஸ் கின்ஸ்கியை மொட்டையடித்து, ஆயிரக்கணக்கில் எலிகளை இறக்கி, ஒரே படத்தை ஜெர்மனில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையுமாக எடுத்தார். யாரும் வழக்குப் போடவில்லை. அவ்வளவு யோக்கியமாக எடுத்ததாலோ என்னவோ, அதன் டிவிடிகளைப் பற்றிச் சொல்ல இதில் பாதி சுவாரஸ்யமான கதைகூட என்னிடம் இல்லை.

முர்னாவை மட்டும் திருட்டு விடவில்லை. பெர்லினுக்கு வெளியே ஷ்டான்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் இருக்கிறது. 2015 ஜூலையில் யாரோ கல்லறையைத் திறந்து மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

படத்தை வாங்கும் உத்தேசம் இருந்தால் ஒரு வார்த்தை. அட்டைக்குப் பின்னால் நேரத்தைப் பாருங்கள், 90 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். பிரபுவின் பெயர் ஓர்லோக் என்று இருக்க வேண்டும், நீனா என்று யாராவது வந்தால் ஜாக்கிரதை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அவர் கப்பலை விட்டு இறங்கிப் பெட்டியோடு நடக்கும் இடத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். தெரு நீலமாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள். வெயிலடித்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் அலமாரியிலேயே கிடக்கட்டும். எரிக்க மட்டும் வேண்டாம், அதை 1925-லேயே செய்து பார்த்துவிட்டார்கள்.